ஏபிக்குள் இருந்த பி

பி நெகட்டிவ் ரத்தம் கேட்டவர்களுக்கு ஏபி நெகட்டிவ் ஆட்களையும் அனுப்பிவைத்த ஒரு வலைப்பக்கத்தை நான் எட்டு மாதம் நடத்தியிருக்கிறேன். தெரியாமல்தான் நடந்தது. ஆனால் தெரியவந்த காலையிலிருந்து இன்றுவரை, முதல் முறை அடிக்கும் போனை நான் எடுப்பதில்லை.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடையின் மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்றால் நானும் இரண்டு கணினிகளும் ஒரு மேசை விசிறியும். கல்யாண மண்டபங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் நர்சரி பள்ளிகளுக்கும் வலைப்பக்கம் செய்து கொடுப்பது என் தொழில். கீழே கடை வைத்திருப்பவர் அதிராம்பட்டினத்துக்காரர். எல்லாரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். மனைவியின் முதல் பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் ஒரு பகல் முழுக்க அலைந்தவர். அதற்குப் பிறகு அவராகவே ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ரீசார்ஜ் செய்துகொண்டே என்ன குரூப் என்று கேட்பார். ஐந்நூறு பேர் சேர்ந்ததும் மாடிக்கு வந்து, “தங்கச்சி, இதுக்கு ஒரு பக்கம் செஞ்சு குடும்மா. போன் போட்டு போட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு” என்றார். செய்து கொடுத்தேன்.

பக்கம் எளிமையானது. நோயாளியின் உறவினர் எந்த ரத்த வகை என்பதை ஒரு பட்டியலில் தொட்டு, எத்தனை பேர் தேவை, எந்த மருத்துவமனை என்று நிரப்ப வேண்டும். அந்த வகைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ‘உங்கள் ரத்தம் இன்று ஓர் உயிருக்குத் தேவை, வர முடியுமா?’ என்று செய்தி போகும். வாசகம் நான் எழுதியது. நெஞ்சைத் தொட வேண்டும், சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்று ரத்த வகையின் பெயரை அதில் சேர்க்காமல் விட்டேன். தேவையான எண்ணிக்கையில் ஆட்கள் ‘வருகிறேன்’ என்று அழுத்தியதும் கோரிக்கை தானாக மூடிக்கொள்ளும். மற்றவர்களுக்கு ‘தேவை நிறைவடைந்தது, நன்றி’ என்று போகும். திரையில் ஒரு பச்சைப் பட்டை வரும்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கேட்ட வகையும் கொடுப்பவரின் வகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் செய்தி அனுப்பு என்பதுதான் கணினிக்கு நான் சொல்லியிருந்தது. ஒரு மதியம், கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பாயிடம் வந்து, பேர் கொடுத்து இரண்டு மாதமாகியும் ஒரு செய்திகூட வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். பார்த்தால், பாய் தட்டச்சு செய்த பட்டியலில் அவருடைய ‘ஓ பாசிட்டிவ்’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. இன்னும் சிலருக்கு ‘ஓ பாசிட்டிவ், தீபாவளிக்கு முன்னாடி குடுத்தாரு’ என்பது போலப் பாய் குறிப்பே எழுதிவைத்திருந்தார். கணினிக்கு இதெல்லாம் வேறு வேறு. ஒன்றாக இல்லையென்று அத்தனை பேரையும் ஒதுக்கியிருந்தது.

பட்டியலைத் திருத்த உட்கார்ந்தால் இரண்டு நாள் ஆகும். ஓர் அரிசி ஆலைக்காரருக்கு அன்று மாலைக்குள் வேலை முடித்துத் தர வேண்டியிருந்தது. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். ‘ஒன்றாக இருக்கிறதா’ என்று கேட்ட இடத்தில் ‘உள்ளே இருக்கிறதா’ என்று கேட்கவைத்தேன். இன்க்லூட்ஸ் என்று ஒரு சொல். பின்னால் இடைவெளி இருந்தாலும் குறிப்பு இருந்தாலும், வாசகத்துக்குள் எங்காவது கேட்ட எழுத்துகள் வரிசையாக இருந்தால் போதும், ஆமாம் என்று சொல்லிவிடும். என் சொந்த வகையான ஓ பாசிட்டிவைப் போட்டுப் பார்த்தேன். ஏ பாசிட்டிவையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சரியாக வந்தன. மடிக்கணினியை மூடிவிட்டு அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டேன். பி போட்டுப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். காலை பத்து மணி இருக்கும். ஒரு கோரிக்கை வந்தது. பிரசவம், பி நெகட்டிவ், இரண்டு பேர் தேவை. கால் மணி நேரத்துக்குள் பச்சைப் பட்டை வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர் ‘வருகிறேன்’ அழுத்தியிருந்தார்கள். பாய் டீ வாங்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். “பட்டறைத் தம்பிங்க தங்கமான பசங்கம்மா. எப்பக் கேட்டாலும் மொதல் ஆளா நிப்பானுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குப் பாயின் போன் அடித்தது. பிரசவித்த பெண்ணின் கணவர். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“வந்த ரெண்டு பேரும் ஏபி நெகட்டிவாம் பாய். ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க இவளுக்கு ரத்தம் போயிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் கொண்டாங்கங்கறாங்க. நான் எங்க பாய் போவேன்?”

“தம்பி, பதறாதீங்க. குரூப் சரியாப் போட்டீங்களா? பியும் ஏபியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். கை தவறி அழுத்தியிருப்பீங்க.”

“இல்ல பாய். நான் பிதான் போட்டேன்.”

பாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “இதே மாதிரிதாம்மா முன்னாடியும் ஒரு தடவை ஆச்சு. ஒரு பொண்ணு. மாத்தி அழுத்திட்டு, நான் சரியாத்தான் போட்டேன்னு ஒரே அழுகை.”

நான் அதற்குள் பதிவைத் திறந்திருந்தேன். அந்தக் கணவர் ‘பி நெகட்டிவ்’ என்றுதான் போட்டிருந்தார். கீழே, பட்டறைச் சகோதரர்களின் பெயர்களுக்கு எதிரே ‘ஏபி நெகட்டிவ்’ என்று இருந்தது.

ஏபி நெகட்டிவ். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலெழுத்தை விரலால் மறைத்தால் மிச்சம் பி நெகட்டிவ். உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளேதான் இருக்கிறது. கணினி பொய் சொல்லவில்லை.

எழுந்தேன், என்ன செய்ய எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். “பாய், அவர் மேல தப்பில்ல. என் மேலதான். பேசிக்கிட்டு இருக்காதீங்க, நிஜமான பி நெகட்டிவ் ஆளுங்களுக்குப் போன் பண்ணணும்” என்றேன்.

பட்டியலில் உண்மையான பி நெகட்டிவ் ஏழு பேர். எல்லாருக்கும் காலையிலேயே என் செய்தி போயிருந்தது. அவர்கள் பார்ப்பதற்குள் தேவை நிறைவடைந்தது, நன்றி என்றும் போயிருந்தது. நான் நான்கு பேரையும் பாய் மூன்று பேரையும் அழைத்தோம். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. மூன்று பேர் எடுக்கவேயில்லை. வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, “இருக்கேன், வர்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பாபநாசம் பக்கம் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் பாதி வயலில் வண்டியை நிறுத்திவிட்டு பைக்கில் கிளம்பினார். அவர் வந்து சேரும்வரை நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். உள்ளே போக எனக்குத் துணிவில்லை. அந்தக் கணவர் யாரென்று தெரியும்படி வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. ஒருமுறை என்னிடம் மணி கேட்டார். சொன்னேன்.

பரிசோதனைகள் முடிந்து ரத்தம் ஏறும்போது மாலை ஆகிவிட்டது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. பாய் அங்கேயே கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, “முடிஞ்சுதும்மா, வா போகலாம்” என்றார்.

“முடியல பாய்” என்றேன். “முன்னாடி ஒரு பொண்ணு அழுதுச்சுன்னு சொன்னீங்களே. அது எப்ப?”

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். “மாசி மாசம்” என்றார். அதுவரை அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அந்தப் பக்கத்தை அன்றே நிறுத்திவைத்தேன். மறுநாள் காலை அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதப் பதிவையும் எடுத்தேன். பி பாசிட்டிவ் கேட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வகைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு, ரத்த வங்கியிலும் பெரும்பாலும் இருக்கும். முந்தின நாள் பிரசவத்தைத் தவிர, பி நெகட்டிவ் கேட்டவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதிய பிறகு போனைத் தொட முடியவில்லை. தாளை மடித்தேன், பிரித்தேன். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடையில் பாய் யாருக்கோ சிம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

முதல் எண்ணில் ஒருவர் உற்சாகமாகப் பேசினார். அப்பா நன்றாக இருக்கிறார், இப்போதுதான் கடைத்தெருவுக்குப் போனார் என்றார். இரண்டாவது எண்காரர்கள் அன்றே வேறு இடத்தில் ரத்தம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். சும்மா விசாரிக்கத்தான் என்று வைத்துவிட்டேன். மூன்றாவது எண் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர்களுடையது. ஓர் ஆண் எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம்.

“ரத்ததானக் குழுவிலிருந்து பேசுறேங்க. மாசி மாசம் உங்க வீட்ல ஒருத்தருக்கு பி நெகட்டிவ் கேட்டிருந்தீங்க.”

“ஆமா. எங்க அம்மாவுக்கு.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“அம்மா தவறிட்டாங்க” என்றார். “நீங்க யாரு பேசுறது?”

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். செய்யக் கூடாதுதான். விரல் தானாகப் போய்விட்டது. அவர் திரும்ப அழைப்பாரோ என்று போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அது உள்ளே அடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம்வரை அடிப்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தது.

நேரில் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர், “வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் எதுவும் செய்” என்றார். நியாயமான பேச்சுதான். பாயும் அதையே வேறு விதமாகச் சொன்னார். “அவங்க ஆறிப்போயி இருப்பாங்கம்மா. நாம போயிக் கிளறினா அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அந்தம்மாவுக்கு வேற என்ன நோயோ, யாருக்குத் தெரியும்?” மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்தார். “கீழ்வேளூர்தானே? நானும் வர்றேன். அந்தப் பொண்ணுகிட்ட கை தவறிடுச்சும்மான்னு சொன்னது நான்தானே” என்றார்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், அங்கிருந்து நாகப்பட்டினம் பேருந்து. வழி நெடுகச் சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. நான் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஆரம்பித்தேன். அது நன்றாக இல்லை. ‘எங்கள் தரப்பில் ஒரு தவறு’ என்றேன். எங்கள் தரப்பு என்று யார் இருக்கிறார்கள்? வரியை எழுதியது நான். திருவாரூரில் பேருந்து மாறும்போது வாந்தி வந்தது. பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பதிவில் இருந்த ஊர் கீழ்வேளூருக்கு உள்ளே மூன்று கிலோமீட்டர். வீட்டில் யாரும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக்கிடக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனோம். திறந்த களத்தில் இருபது முப்பது குவியல்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள். எடை போடும் முறைக்காக மூன்று நாளாகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் ஆளைக் கண்டுபிடித்த நேரத்தில் தூறல் போட ஆரம்பித்துவிட்டது. முப்பது வயது இருக்கும். ஒரு பக்கம் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஓட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். பாய் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். நான் இன்னொரு முனையைப் பிடித்தேன். கல்லை வைத்து நான்கு பக்கமும் மூடிய பிறகுதான் அவர் எங்களைப் பார்த்தார்.

“யாருங்க நீங்க? கொள்முதல் ஆபீசா?”

“இல்லைங்க” என்றேன். “முந்தாநாள் போன் பண்ணிட்டு நடுவுல வெச்சது நான்தான்.”

களத்தின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று சொன்னேன். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. “அன்னிக்கு வந்த ரெண்டு பேரும் தப்பான குரூப். அவங்க மேல தப்பில்ல, கேட்டவங்க மேலயும் தப்பில்ல. அந்தப் பக்கத்தை எழுதினது நான். பி இருக்கான்னு பாருன்னு எழுதிட்டேன். ஏபிக்குள்ளயும் பி இருக்கு. அது அவங்களையும் சேர்த்து எடுத்துடுச்சு. அவங்க வர்றேன்னதும் மத்தவங்களுக்கு வேணாம்னு செய்தி போயிடுச்சு.”

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நகரக் கூடாது என்றும் நினைத்தேன்.

“அப்ப அவ சரியாத்தான் போட்டிருக்கா” என்றார்.

“யாருங்க?”

“என் தங்கச்சி. அவதான் போன்ல போட்டது. அவ தப்பாப் போட்டதாலதான் அரை நாள் போச்சுன்னு எங்க மாமா அவளை… எல்லாருந்தாங்க. நானும் ஒரு நாள் சொல்லிட்டேன்.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “அன்னிக்குச் சாயங்காலந்தான் திருச்சியிலேருந்து ரத்தம் வந்துச்சு. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிட்டாங்க. நாலாம் நாள் அம்மா போயிட்டாங்க. கிட்னி போயிடுச்சுன்னாங்க டாக்டர். அரை நாள் முன்னாடி பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

பாய் அப்போது கையைக் கட்டிக்கொண்டு, “தம்பி, கை தவறியிருக்கும்னு அந்தப் புள்ளைகிட்ட மொதல்ல சொன்னது நான்தான்” என்றார்.

அவர் பக்கத்துக் குவியல்காரரிடம் நெல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார். “எங்கிட்டச் சொன்னது பத்தாது. அவகிட்டச் சொல்லணும்” என்றார். தங்கை கீழ்வேளூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மதிய உணவு இடைவேளை. பள்ளிக்கூடத்து வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே அவள் வந்து நின்றாள். இருபத்துநான்கு வயது இருக்கலாம். கையில் சாக்பீஸ் தூள். அண்ணன் பகலில் தேடி வந்ததைப் பார்த்து அவளே பயந்துபோயிருந்தாள்.

மறுபடி முழுவதும் சொன்னேன். இந்தத் தடவை இன்னும் கடினமாக இருந்தது. முடித்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“நான் என்ன போட்டேன்னு இருக்கா உங்ககிட்ட?”

இருந்தது. பதிவின் அந்தப் பக்கத்தை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். நீட்டினேன். தேதி, நேரம், மருத்துவமனையின் பெயர், தேவைப்படும் வகை: பி நெகட்டிவ். அவள் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து என் திரையைப் படம் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

“ஏழு மாசம்” என்றாள். “கண்ணை மூடினா அந்த லிஸ்ட்தான் வரும். பி, அதுக்குக் கீழ ஏபி. எதைத் தொட்டேன், எதைத் தொட்டேன்னு. நான் பிதான் தொட்டேன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. ஆமா, நான்தான் மாத்தித் தொட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டேன். பதினாறாம் நாள் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேன்.”

நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“இதை எங்க மாமாகிட்டச் சொல்லுங்க” என்றாள். “இப்பவே.”

அவர்கள் அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அக்கா இறந்ததிலிருந்து இந்தப் பெண்ணிடம் பேசுவதில்லையாம். அண்ணன் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் முன்னால் பிடித்தார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதையும் பேசியதில்லை. எதிரில் முகம் இல்லை, குரல்தான். பின்னால் எங்கோ கட்டட வேலையின் சத்தம். மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

“ஏம்மா” என்றார். “உன் மேல கேஸ் போட்டா என்ன பண்ணுவ?”

“போடுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். பதிவு எல்லாம் இருக்கு, குடுக்கறேன்.”

“எங்க அக்கா திரும்பி வந்துருமா?”

அவர் கத்தத் தொடங்கினார். படித்தவர்கள் இப்படித்தான், ஊரானின் உயிர் உங்களுக்கு விளையாட்டா என்று நிறையச் சொன்னார். எல்லாம் சரிதான் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். பாய் எனக்காகப் பேச வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கத்தி ஓய்ந்த பிறகு அந்தக் குரல் வேறு மாதிரி ஆயிற்று.

“அவ பக்கத்துல இருக்காளா? போனைக் குடு அவகிட்ட.”

அண்ணன் போனைத் தங்கையிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம்” என்றாள். போனில் கேட்கும்படிதான் சொன்னாள். “ஏழு மாசம் பேசலைல்ல. இன்னும் கொஞ்ச நாள் பேசாம இருக்கட்டும்.”

பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் என்னைப் பார்த்து, “நீங்க வந்து சொன்னீங்க. சொல்லாமயும் இருந்திருக்கலாம், அது எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு உங்க மேல கோவம் போகல. போகும்னும் தோணல” என்றாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் எங்களைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் பாயிடம் நெல்லின் ஈரப்பதத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு வந்தார். என்னிடம் பேசவில்லை.

அவர்கள் வழக்குப் போடவில்லை. ஒவ்வொரு வாரமும் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தபால்காரர் மாடிப்படி ஏறினால் எழுந்து நின்றுவிடுவேன்.

பக்கத்தை ஒரு மாதம் திறக்கவில்லை. பட்டியலை முதலிலிருந்து எடுத்து, ஐந்நூற்றுச் சொச்சம் பேரையும் நானும் பாயும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டோம். வகையைத் தனியாகவும் குறிப்பைத் தனியாகவும் பிரித்தேன். இனிப் பாய்க்கும் தட்டச்சு செய்ய இடமே கொடுக்கவில்லை, எட்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘உள்ளே இருக்கிறதா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘ஒன்றாக இருக்கிறதா’ என்று பழையபடி வைத்தேன். எட்டு வகையையும் எட்டு வகையோடு வைத்து அறுபத்துநான்கு ஜோடிகளையும் சோதித்தேன். மறுநாள் மறுபடியும் சோதித்தேன். செய்தியில் ரத்த வகையின் பெயரைச் சேர்த்தேன். பட்டறைச் சகோதரர்களைப் போய்ப் பார்த்தேன். “மாசியிலயும் சரி, போன மாசமும் சரி, எங்களைத் திருப்பி அனுப்பினாங்கக்கா. இப்ப வேணாம்போலன்னு நெனச்சுக்கிட்டோம்” என்றார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

திறந்த பிறகும் பயம் போகவில்லை. பச்சைப் பட்டை வந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி, எனக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். கல்யாண மண்டபத்துப் பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தேடும் பெட்டி ஒன்று எழுத வேண்டியிருந்தது. தப்பாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை, கீழ்வேளூர்க்காரரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்ததும் எடுக்க முடியவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

“அந்தப் பக்கம் இப்ப வேலை செய்யுதுங்களா?” என்றார். “பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓ பாசிட்டிவ் மூணு பேர் வேணும். தங்கச்சிதான் உங்களைக் கேக்கச் சொன்னுச்சு. அவ போன்ல போட மாட்டேங்குறா. நீங்களே போடணுமாம்.”

போட்டேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டதும் மூன்று பேரையும் நானே அழைத்து, “உங்க குரூப் என்னங்க?” என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார். “ஓ பாசிட்டிவ்தாங்க மேடம், மெசேஜ்லயே போட்டிருக்கே” என்றார். மருத்துவமனையிலிருந்து மூன்று பேருடைய ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது ஒன்றரை மணிக்கு. அதுவரை இருக்கையிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை.